படகு நின்றுபோன ஊரில் ஊசி பிடித்தவர்கள்

நீங்கள் வாழும் நகரத்தின் நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்திருக்கலாம்: மாதத்தில் ஒரு மாலை குயில்ட் தைப்பவர்களின் சங்கம் கூடுகிறது, புதியவர்களும் வரலாம். உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வயதான பெண்கள் இருப்பார்கள். நீண்ட மேசைகள், தையல் இயந்திரங்கள், தேநீர், கலர் கலராகத் துணித் துண்டுகள். ஒருவர் எழுந்து தான் தைத்ததை விரித்துக் காட்டுவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு நாம் கடந்து போய்விடுவோம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதே மாதிரியான ஒரு சங்கம் நிலம் வாங்கியது, வாக்களிக்கப் பதிந்ததால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு அந்த நிலத்தில் இடம் கொடுத்தது என்று வாசித்தபிறகு அந்த எண்ணம் மாறியது. அந்தச் சங்கத்தின் பெயர் ஃபிரீடம் குயில்டிங் பீ. 'பீ' என்றால் தேனீ மட்டுமல்ல. அயலவர்கள் கூடி ஒரு வேலையைச் சேர்ந்து முடிப்பதையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். 'ஃபிரீடம்' என்ற சொல் ஏன் முன்னால் வந்தது என்பதுதான் இந்தக் கதை.

மூன்று பக்கமும் ஆறு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வில்கொக்ஸ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே அலபாமா ஆறு ஒரு நிலப்பகுதியை மூன்று பக்கமும் சுற்றி வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் ஊர் ஜீஸ் பெண்ட். 'பெண்ட்' என்றால் வளைவு. 'ஜீ' என்பது 1816இல் அங்கே பருத்தித் தோட்டம் போட்ட ஜோசப் ஜீ என்ற வெள்ளையரின் பெயர். 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அவர் வட கரோலைனாவிலிருந்து குடிபெயர்ந்தபோது அவரிடம் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 100 பேர் நடந்தே அலபாமா வந்து சேர்ந்தார்கள். இன்றும் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. உரிமையாளரின் பெயர் அடிமைகளின் பெயராகி, அவர்களுடைய பிள்ளைகளின் பெயரும் ஆகிவிட்டது.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. மக்கள் அதே நிலத்தில் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்துப் பயிரிட்டார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடன். அறுவடை வந்ததும் கடன்காரர் எடுத்துக்கொள்வார். 1932இல் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த கேம்டன் நகரில் அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி ஒருவர் இறந்துபோனார். அவருடைய குடும்பம் நிலுவையைக் கேட்டு ஆட்களை அனுப்பியது. ஏறத்தாழ 60 குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, கலப்பை, களஞ்சியத்தில் இருந்த தானியம் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவில்தான் ஊர் உயிர் தப்பியது.

1937இல் ஆர்தர் ரொத்ஸ்டைன் என்ற புகைப்படக்காரரை அரசாங்கம் அங்கே அனுப்பியது. அவர் எடுத்த படங்களில் மரக்கட்டை வீடுகளின் உட்சுவர் முழுக்கப் பத்திரிகைத் தாள்கள் ஒட்டியிருப்பதைக் காணலாம். கட்டைகளுக்கு இடையே புகும் குளிர்காற்றைத் தடுக்க அவர்கள் செய்த வழி அது. இன்னொரு வழி குயில்ட்.

தனியே ஒரு வேலை, கூடி ஒரு வேலை

குயில்ட் என்பது மூன்று அடுக்குள்ள போர்வை. மேலே துணித் துண்டுகளைப் பொருத்தித் தைத்த பக்கம், நடுவில் பஞ்சு, கீழே உள்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நெருக்கமாக நூலோட வேண்டும். ஜீஸ் பெண்டில் இதற்கெல்லாம் காசு கொடுத்துத் துணி வாங்கியதில்லை. முழங்காலில் தேய்ந்த டெனிம் காற்சட்டை, சாயம் போன வேலைச் சட்டை, உரமும் மாவும் வந்த சாக்கு இவைதான் துணி. பருத்தி ஆலையின் தரையில் கிடந்த கழிவுப் பஞ்சைத் தடியால் அடித்துச் சுத்தமாக்கி உள்ளே வைப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், வேலையை அவர்கள் பிரித்துக்கொண்ட விதம். மேல்பக்கத்தை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில் தனியே பொருத்துவார். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பது அவருடைய முடிவு. அதில் வேறு யாரும் தலையிடமாட்டார்கள். கட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் 'ஹவுஸ்டொப்' போன்ற பழைய வடிவங்கள் இருந்தன. ஆனால் பலர் அவற்றை எடுத்துத் தங்கள் விருப்பப்படி வளைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'மை வே', அதாவது 'என் வழி'. மேல்பக்கம் முடிந்ததும் அடுத்த கட்டம். பெரிய மரச்சட்டத்தில் மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டி, நான்கு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து சேர்ந்து நூலோடுவார்கள். ஊர்க்கதை, பாட்டு, செபம் எல்லாம் அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான். இன்று ஒருவர் வீட்டில், நாளை இன்னொருவர் வீட்டில்.

1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்தார். அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து மிசூரி ஒரு குயில்ட் தைத்தார். கணவரின் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காக அதைத் தைத்தார் என்று, அப்போது பதின்வயதில் கூட இருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அம்மம்மாவின் பழைய சேலையில் ஏணை கட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாக்குப் பதிவும் வீட்டுச் சாவியும்

1965ஆம் ஆண்டு தொடங்கியபோது வில்கொக்ஸ் மாவட்டத்தில் பெரும்பான்மையாக வாழ்ந்தவர்கள் கறுப்பினத்தவர்கள். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பதியப் போனால் படகேறி ஆற்றைக் கடந்து கேம்டனுக்குப் போகவேண்டும். அப்படிப் போகத் தொடங்கியபோது, 1962இல், அந்தப் படகுச் சேவையே நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் கடக்கக்கூடிய தூரம், சாலைவழியாகச் சுற்றிப் போனால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவும் வாகனம் இருந்தால்.

1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்ட் தேவாலயத்துக்கு வந்து பேசினார். அந்த ஒகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. இனிப் பதிவதைச் சட்டப்படி தடுக்க முடியாது. ஆனால் வேறொரு வழி இருந்தது. நிலமும் வீடும் வெள்ளையருடையவை. பட்டியலில் பெயர் வந்தால் வீட்டைக் காலிசெய் என்று சொல்லிவிடலாம். பல குடும்பங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜீஸ் பெண்டில் இருந்த சிலருக்கு இந்த மிரட்டல் அவ்வளவாக எடுபடவில்லை. காரணம், 1930களின் இறுதியில் அரசாங்கம் அந்தத் தோட்ட நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, பின்னர் அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கே கடன்முறையில் விற்றிருந்தது. சொந்த வீட்டில் இருப்பவரைத் துரத்துவது கடினம். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தக் காலூன்ற ஓர் இடமும் வேண்டும்.

கொடியில் தொங்கிய மூன்று குயில்ட்கள்

1965 டிசெம்பரில் ஃபிரான்சிஸ் வோல்டர் என்ற வெள்ளையினப் பாதிரியார் அந்தப் பக்கம் வந்தார். வாக்களிக்கப் பதிந்ததால் வீடிழந்தவர்களின் விவரங்களைச் சேகரிப்பது அவர் வேலை. வழி தவறிய இடத்தில், ஒரு வீட்டுக்கு வெளியே துணி காயும் கொடியில் மூன்று குயில்ட்கள் தொங்குவதைக் கண்டு காரை நிறுத்தினார். வெள்ளைக்காரர் ஒருவர் இறங்குவதைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டார். அந்தக் காலத்தில் அந்த மாவட்டம் எப்படி இருந்தது என்பதை அந்த ஓட்டமே சொல்லிவிடுகிறது.

அவர் பிறகு திரும்பி வந்து, ஒரு குயில்டுக்கு 10 டொலர் வீதம் வாங்கத் தொடங்கினார். நியூயோர்க்கில் ஏலம்விட்டு, வரும் பணத்தை இங்கேயே திருப்பிக் கொடுப்பது திட்டம். ஆனால் இதை ஒரு பாதிரியாரின் நல்ல காரியமாக விட்டுவிடப் பெண்கள் விரும்பவில்லை. 1966 மார்ச் 26ஆம் திகதி, முதல் ஏலத்துக்கு முந்தைய நாள், 60க்கும் மேற்பட்ட தையற்காரர்கள் கேம்டனில் உள்ள அன்டியொக் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். உரிமையாளர்களும் தொழிலாளர்களும் அவர்களே. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண் அதன் முகாமையாளராகப் பல ஆண்டுகள் இருந்து அதை நடத்தினார்.

சில ஆண்டுகளுக்குள் சங்கம் 23 ஏக்கர் நிலம் வாங்கியது. அதில் 1969இல் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் ஒரு தையற்கூடம் எழுந்தது. மீதியில் சில துண்டுகளை, வாக்குப் பதிவுக்காக வீடிழந்த குடும்பங்களுக்குச் சங்கம் விற்றது. முன்னர் ஜீஸ் பெண்ட் மக்களுக்குக் கிடைத்த 'துரத்த முடியாத வீடு' என்ற பாதுகாப்பை, இப்போது போர்வை தைத்த பணம் மற்றவர்களுக்கும் கொடுத்தது. வேலைக்கு வரும் தாய்மாருக்காகப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையமும் தொடங்கினார்கள். வயல்வேலை, வெள்ளையர் வீட்டு வேலை என்ற இரண்டை விட்டால் வேறு வழியில்லாத இடத்தில், தங்கள் பெயருக்கே சம்பளம் வாங்கிய பெண்கள் உருவானார்கள்.

ஒரே அளவு, ஒரே நிறம்

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1960களின் இறுதியில் ப்ளூமிங்டேல்ஸ் போன்ற பெரிய கடைகளில் இருந்து ஓர்டர்கள் வந்தன. கடைக்கு நூறு போர்வை வேண்டுமென்றால் நூறும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். மூலைகள் சரியாகப் பொருந்தவேண்டும். நிறத்தைக் கடை சொல்லும். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. மாதாமாதம் நிச்சயமான வருமானம். அதில் 'என் வழி'க்கு இடமில்லை. அளவு பிசகினால் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும்.

இதைப் பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? தையற்கூடத்தில் மிஞ்சிய கோர்டுரோய் வெட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டு போனார்கள். பகலில் கடைக்காகத் தலையணை உறை. வீட்டில் அதே துணியில், அதே பச்சையிலும் பொன்மஞ்சளிலும், யாரும் சொல்லிக்கொடுக்காத அமைப்பில் குயில்ட்கள். அவை விற்பனைக்கு அல்ல, படுக்கைக்கு.

அந்தக் குயில்ட்கள்தான் பிறகு புகழ்பெற்றன. 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. நவீன ஓவியங்களுக்கு நிகரான கலை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2006இல் 10 குயில்ட்களின் படங்கள் அமெரிக்கத் தபால் முத்திரைகளாக வந்தன. அதே ஆண்டு, 44 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜீஸ் பெண்டில் படகும் திரும்ப ஓடத் தொடங்கியது.

புகழோடு சச்சரவும் வந்தது. தங்களுக்குச் சேரவேண்டிய பங்கு சேரவில்லை என்று சொல்லித் தைத்தவர்களில் சிலர் 2007இல் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு வழக்குகள் முடிவுக்கு வந்தன. கடைகளின் ஓர்டர்களை நம்பியிருந்த ஃபிரீடம் குயில்டிங் பீ மெல்லச் சுருங்கி 2012இல் மூடப்பட்டது.

இந்தக் கதையைப் பலர் 2002இலிருந்து தொடங்குவார்கள். மறைந்துகிடந்த கலையை அருங்காட்சியகம் கண்டுபிடித்தது என்பது போல. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பெண்கள் யாரோ வந்து கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தேவாலயத்தில் கூடி, சங்கம் அமைத்து, தங்கள் உழைப்புக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார்கள். சுவரில் தொங்கும் குயில்ட் அழகானதுதான். ஆனால் யாரும் படம் எடுத்து மாட்டாத அந்தத் தலையணை உறைகளும் சேர்ந்துதான் சம்பளமாக மாறி வீடுகளுக்குப் போயின.

நம் வீடுகளிலும் இப்படி ஒரு தையல் வரலாறு இருக்கலாம். வெளிநாடு வந்த முதல் ஆண்டுகளில் அம்மாவோ மாமியோ தொழிற்சாலையில் துண்டுக்கு இவ்வளவு என்று தைத்திருக்கலாம், அல்லது அயலவரின் சட்டைகளுக்குக் கைமடித்துக் கொடுத்திருக்கலாம். அது யார் வீட்டிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்காது. யாராவது கேட்டால்தான் வெளியே வரும். என்ன தைத்தீர்கள், ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், பக்கத்து மெசினில் யார் இருந்தார், அந்தக் காசில் முதலில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நூலகத்தில் அந்தச் சங்கம் கூடும் மாலை வந்தால், ஒருமுறை உள்ளேயும் போய் உட்கார்ந்து பாருங்கள்.