போகம்பரை ஏரியும் போர் விளையாட்டும்

கைத்தொலைபேசித் திரையிலே சிறுவர் துப்பாக்கி ஏந்தி, எதிர்ப்பட்டோரைச் சுட்டு வீழ்த்தி விளையாடுகின்றனர். அதனைக் காணும் பெற்றோர் உள்ளம் பதைக்கின்றது. விளையாட்டிலே வன்முறை கலந்தது இக்காலத்துக் கேடென்று பலர் கருதுவர். ஆயின் அது பழையதொன்றே. அதுபற்றி மக்கள் கொண்ட எண்ணமே காலந்தோறும் மாறி வந்துள்ளது. கண்டி மாநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கண்டியரசர் காலத்தில் 'அங்கம்' என்னும் போர்க்கலை சிறந்து விளங்கிற்று. சுதலிய, மருவல்லிய என்னும் இரு பிரிவினர் அரசன் முன்னிலையிற் பொருதனர் என்றும், சிலவேளை உயிர் போகும்வரை அப்போர் நீடித்தது என்றும் மரபு கூறும். அதனைக் கண்டு களித்தல் அக்காலத்தார்க்கு இழிவாகத் தோன்றவில்லை. வீரத்தைப் போற்றுதலாகவே தோன்றிற்று.

மலைநாட்டுச் சிற்றூர்களிலோ வேறொரு போட்டி நிலவிற்று. நோயும் வறட்சியும் நீங்கப் பத்தினித் தெய்வத்தை வேண்டி, ஊரார் மேற்கட்சி, கீழ்க்கட்சி என இரண்டாகப் பிரிவர். மான்கொம்புகளையோ கவர்மரங்களையோ ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி இழுப்பர். கொம்பு முறிந்த கட்சி தோற்றதாகும். வென்றோர் வசைமொழி கூறி எள்ளி நகைப்பர். 'அங்கெளிய' எனச் சிங்களத்தில் வழங்கும் இவ்விளையாட்டே மட்டக்களப்புத் தமிழரின் கண்ணகி வழிபாட்டிற் கொம்புமுறியாக விளங்குகின்றது. ஊரின் பகைமை ஊரார் கண்முன்னே, ஒரு விதிக்குள் நின்று தீர்ந்தது. முறிந்தது கொம்பேயன்றி எலும்பன்று.

இத்தகைய போட்டிகளிற் களித்த மக்கள் மெய்யான கொடுமைக்கும் உடன்பட்டனரோ? இல்லை. 1814 ஆம் ஆண்டில், எகலப்பொலை அதிகாரம் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தமையால் வெகுண்ட ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், அவருடைய பிள்ளைகளைப் பலர் காணக் கொல்வித்தான். அவர் மனைவியைப் போகம்பரை ஏரியில் அமிழ்த்துவித்தான். இரண்டு நாள் கண்டியில் அடுப்பெரியவில்லை, மக்கள் உண்ணாது துக்கங்காத்தனர் என 1821 இல் வெளிவந்த தமது நூலில் யோன் டேவி எழுதியுள்ளார். அடுத்த ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை நிறைவேறியபோது, பிரதானிகள் அரசனைக் கைவிட்டிருந்தனர்.

பின்வந்த ஆங்கிலேயரின் அச்சம் வேறுவகையானது. 1817 இல் மூண்ட ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கிய அவர்கள், 1818 இல் அங்கப் பயிற்சியைத் தடைசெய்தனர். மக்களின் ஒழுக்கத்தைக் கருதியன்று, தம் ஆட்சியின் காவலைக் கருதியே அவ்வாறு செய்தனர். அக்கலையோ மறைவிலே, குடும்ப வழியாக உயிர்தாங்கி நின்றது. 2019 இலே அத்தடை முறைப்படி நீக்கப்பட்டது. ஒரு காலத்தில் அஞ்சப்பட்டது, மற்றொரு காலத்திற் பண்பாட்டுச் செல்வமாகப் போற்றப்படலாயிற்று.

கணினி விளையாட்டின் கதையும் இதனை ஒத்ததே. 1992 இல் வெளிவந்த 'மோர்ட்டல் கொம்பாட்' என்னும் ஆட்டத்தின் குருதிக் காட்சிகள் அமெரிக்க மக்களைக் கலங்கச் செய்தன. 1993 இல் அந்நாட்டுச் செனற்சபை இதுபற்றி விசாரித்தது. 1994 இல் வயதுக்கேற்பத் தரம் பிரிக்கும் முறை தோன்றிற்று. வன்முறை ஆட்டங்களைச் சிறுவர்க்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011 இல் உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. ஆயினும் அச்சம் ஓயவில்லை. 2019 இலே குசராத்தின் இராசகோட்டு நகரிற் காவல்துறையினர் 'பப்ஜி' ஆட்டத்தைத் தடைசெய்து, ஆடிய இளைஞரைக் கைதுசெய்தனர்.

விளையாட்டுச் சண்டையையும் மெய்க்கொடுமையையும் வேறு பிரித்தறியும் ஆற்றல் கண்டி மக்களிடம் இருந்தது. அது தானாக வந்ததன்று. கொம்பிழுத்த களத்தைச் சூழ ஊர்ப்பெரியோர் நின்றனர். எல்லை எதுவெனச் சிறுவர் அவர்களிடங் கற்றனர். இன்றைய சிறுவனோ கதவடைத்த அறையிலே தனியே ஆடுகின்றான். பெற்றோர் அஞ்சவேண்டியது திரையிலுள்ள துப்பாக்கியினும் அத்தனிமைக்கே.

போகம்பரை ஏரி பின்னர் தூர்க்கப்பட்டது. அப்பகுதியில் 1876 இல் எழுந்த சிறைச்சாலை 2014 இல் மூடப்பட்டது. அதனருகே இன்று விளையாட்டரங்கு உண்டு. அங்கே பந்தாடும் சிறுவர்க்கு நடுவரும் ஆசிரியரும் துணை நிற்கின்றனர். திரைமுன் அமர்ந்த சிறுவனுக்கும் அவ்வாறு ஒருவர் அருகே அமர்தல் வேண்டும்.