ஒற்றைத் தண்டவாளத்து நீராவிப் பொறி

பழையவை கழிவதும் புதியவை வந்து சேர்வதும் உலக இயற்கை. ஆயினும், கழிக்கப்படுவனவற்றுள் காக்கப்பட வேண்டியவையும் உண்டு. இவ்விரண்டையும் பகுத்துணரும் கண் எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதில்லை. இவ்வுண்மையைப் புதுதில்லி சாணக்கியபுரியில், 1977ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு நீராவிப் பொறியின் முன் நின்றபோது நாம் உணர்ந்தோம்.

நம் நாட்டு இருப்புப்பாதைகளின் வரலாறு ஒருவகையில் அகலங்களின் வரலாறே ஆகும். பெருநகரங்களை 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை இணைத்தது. செலவைக் குறைக்கும் பொருட்டு 1000 மில்லிமீட்டர் மீட்டர்பாதை வந்தது. மலைகளிலும் சிற்றூர்ப் புறங்களிலும் 762, 610 மில்லிமீட்டர் குறுகிய பாதைகள் தோன்றின. அகலம் குறையக் குறையச் செலவு குறைந்தது. வளைவுகளில் திரும்புவதும் எளிதாயிற்று. இக்குறுக்கத்தின் எல்லைக்கே சென்றது யூயிங் முறை எனப்படும் ஒற்றைத் தண்டவாளப் பாதை. சாலையின் ஓரத்தில் ஒரே தண்டவாளம் பதிக்கப்படும். வண்டியின் எடையில் பெரும்பகுதியை அது தாங்கும். பக்கவாட்டில் அமைந்த பெரிய சக்கரம் ஒன்று சாலையின்மீதே உருண்டு, வண்டி சாயாமல் காக்கும்.

இம்முறை நம் தமிழகத்தின் எல்லைப்புறத்திலும் இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் எனும் மலைமுகட்டிற்குக் கொண்டு செல்ல, 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. எருதுகள் வண்டிகளை இழுத்தன. முகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, அங்கிருந்து போடிநாயக்கனூரை அடைந்தது. 1908இல் அதனிடத்தை 610 மில்லிமீட்டர் குறுகிய பாதையும் நீராவிப் பொறிகளும் பெற்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அழித்தது. மீண்டும் அது அமைக்கப்படவில்லை.

வடக்கே பாட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறையில் 1907ஆம் ஆண்டில் ஒரு பாதை திறக்கப்பெற்றது. கர்னல் பௌல்ஸ் என்பார் அதன் பொறியாளர். சிர்ஹிந்துப் பகுதியில் ஒரு தடமும், பாட்டியாலாவிலிருந்து சுனாம் நோக்கி மற்றொரு தடமுமாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம் அமைந்தது. போர்க்காலத் தேவைக்கெனச் சமஸ்தானம் பேணிவந்த கோவேறு கழுதைகளே முதலில் வண்டிகளை இழுத்தன. பின்னர், பெர்லின் நகரத்து ஓரன்ஸ்டைன்–காப்பல் நிறுவனத்திலிருந்து நான்கு நீராவிப் பொறிகள் 1909இல் வருவிக்கப்பட்டன. பொறியின் நடுவே வரிசையாக மூன்று சக்கரங்கள். தண்டவாளத்தை விட்டு விலகாவண்ணம் ஒவ்வொன்றிற்கும் இருபுறமும் விளிம்புகள். பக்கத்தில் சாலையைத் தொடும் சமநிலைச் சக்கரம். இத்துணையே அதன் அமைப்பு.

மோட்டார் வண்டிகள் பெருகின, சாலைகள் சீர்பெற்றன. 1927இல் பாதை மூடப்பட்டது. பொறிகள் பொதுப்பணித் துறையின் பழம்பொருள் கிடங்கை அடைந்தன. ஆட்சி மாறியது, சமஸ்தானமே மறைந்தது, பொறிகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1962ஆம் ஆண்டில், இருப்புப்பாதை வரலாற்றில் தோய்ந்த ஆங்கிலேயர் மைக்கேல் சாட்டோ அவற்றை இன்னவை என்று அறிந்தார். பிற்காலத்தில் தில்லி அருங்காட்சியகம் உருவாவதற்கு ஆலோசகராக விளங்கியவரும் இவரே. வடக்கு இரயில்வேயின் அமிர்தசரஸ் பணிமனைத் தொழிலாளர்கள் நான்காம் எண் பொறியைச் செப்பனிட்டு, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொணர்ந்தனர். எஞ்சியிருந்த பழைய அடிச்சட்டம் ஒன்றின்மீது, தலைமைப் பொறியாளரின் பயணப்பெட்டியையும் மீண்டும் அமைத்தனர். பின்னர் அருங்காட்சியகத்தில் அப்பொறி நீராவி கக்கி ஓடிக் காட்டியதும் உண்டு.

இவ்வரலாறு நம் நெஞ்சை உறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. நாம் அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், பயனற்றவை எனக் கழிக்கப்பட வேண்டிய பொருள்களுக்குப் பட்டியல் எழுதும் வேலை நம்மிடம் வந்தது. உடைந்த நாற்காலிகள், சுழலாத மின்விசிறிகள் ஆகியவற்றோடு, கரையான் அரித்த பதிவேடுகள் சிலவும், துணியில் ஒட்டிய கையெழுத்து நிலப்படங்கள் இரண்டும் அதில் இடம்பெற்றன. அவற்றை விரித்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. வரிசை எண் மட்டும் இட்டோம். ஏலம் எடுத்தவர் எடை போட்டு எடுத்துச் சென்றார். அவை எந்த ஊரின் படங்கள் என்று இன்று எவரேனும் வினவினால் நம்மிடம் விடை இல்லை.

குண்டளைப் பாதையை அழித்தது வெள்ளம். அதற்கு எவரையும் நோக இயலாது. ஆனால் கிடங்கில் கிடப்பவை அழிவது நம் போன்றோர் எழுதும் ஒரு வரியால். பாட்டியாலாப் பொறியின்மீது அவ்வரி விழுவதற்குமுன் அறிந்த கண் ஒன்று விழுந்தது. அதனால் அது பிழைத்தது. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்த உ. வே. சாமிநாதையரின் தமிழ்த்தொண்டைப் போற்றும் நாம், வீட்டிலும் அலுவலகத்திலும் நம் கைவழிச் செல்லும் பழம்பொருள்களை ஒருமுறையேனும் விரித்துப் பார்த்தல் வேண்டும். அருங்காட்சியகம் செல்லும் தலைநகர்த் தமிழர்கள், பெரிய பொறிகளைக் கண்டு மகிழ்ந்தபின், இச்சிறு பொறியின் முன்னும் தம் மக்களைச் சற்றே நிறுத்தி இக்கதையைச் சொல்வார்களாக.