நாலரை ஷில்லிங் முயல்

1903-ஆம் வருடம் டிசம்பர் 28-ஆம் தேதி லண்டன் பேடண்ட் ஆபீஸில் ஒரு முயல் பொம்மை பதிவானது. பதிவு செய்தவர் பீட்ரிக்ஸ் பாட்டர். நீலச் சட்டை போட்ட பீட்டர் முயல் கதையை எழுதிப் படமும் வரைந்தாரே, அதே அம்மணிதான். கதையில் வரும் ஒரு பாத்திரத்தைப் பொம்மையாக்கி, சட்டப்படி உரிமை வாங்கி விற்கும் இன்றைய பெரிய வியாபாரத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி என்பார்கள். காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பேடண்ட்தான். அப்புறம்தான் இன்னொரு விஷயம் உறைத்தது. பொம்மை முயலைத் தைத்தவர், உயிருள்ள முயல்களை வருடக்கணக்கில் வளர்த்துப் பார்த்தவர்!

முதலில் வந்தது பெஞ்சமின். தோல் வார் கட்டி நாயைப் போல வெளியே கூட்டிப் போவாராம். வெண்ணெய் தடவிய சூடான டோஸ்ட் என்றால் அதற்கு உயிர். (முயலுக்குக் கொடுக்கக் கூடாத தீனி. அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?) அதற்குப் பிறகு, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் 4 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து இன்னொன்றை வாங்கினார். அதாவது நாலரை ஷில்லிங். அநியாய விலை என்று அவரே குறைப்பட்டிருக்கிறார். அதுதான் பீட்டர். வளையத்துக்குள் தாவும், மணி அடிக்கும், கணப்புக்கு முன்னால் பூனை மாதிரி படுத்துக் கிடக்கும். 1893-இல் நோயல் மூர் என்ற சிறுவன் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது, அவனுக்குப் பொழுது போகட்டும் என்று இந்தப் பீட்டரை வைத்துப் படத்தோடு ஒரு கடிதம் எழுதினார். கதையின் விதை அது.

பீட்டர் 1901 ஜனவரியில் செத்துப்போனது. அதே வருடம் டிசம்பரில், பதிப்பாளர்கள் பலர் கைவிரித்த அந்தக் கதையைத் தன் சொந்தக் காசில் 250 பிரதி அச்சடித்தார் பாட்டர். 1902 அக்டோபரில் வார்ன் கம்பெனி வெளியிட்டது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை.

அடுத்த வருடம் அவருடைய அப்பா, லண்டன் கடைவீதியில் மகள் கதையில் வரும் அணிலின் பெயரைப் போட்டு ஒரு பொம்மை விற்பதைப் பார்த்து வாங்கி வந்தார். அம்மணி சுதாரித்துக்கொண்டார். காலிகோ துணியை வெட்டி, தானே பீட்டர் பொம்மையைத் தைக்க ஆரம்பித்தார். மீசைக்கு ஒரு பிரஷ்ஷிலிருந்து மயிரைப் பிடுங்கிச் செருகினார். முகபாவம் சரியாக வரவேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். ஒன்பது வருடம் கூடவே இருந்த முகம் அல்லவா?

ஆனால் வியாபாரம் லேசாக அமையவில்லை. அமெரிக்காவில் கம்பெனி காப்பிரைட் பதிவு செய்யாமல் விட்டதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன. பொம்மை விஷயத்திலும் தலைவலிதான். ஜெர்மனியிலிருந்து வரி இல்லாமல் வந்து குவிந்த மலிவுப் பொம்மைகளோடு இங்கிலாந்தின் பொம்மைத் தொழிலாளர்களால் போட்டி போட முடியவில்லை. இறக்குமதி வரி வேண்டும் என்று 1910 தேர்தல் சமயத்தில் பாட்டரே போஸ்டர் வரைந்து பிரசாரம் செய்தார். சீனப் பொம்மை வந்து நம் ஊர்த் தொழிலைக் கெடுக்கிறது என்று நாம் புலம்புவது ஒன்றும் புதிதில்லை, பாருங்கள்.

இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது என் மகள். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், சந்தையில் கூண்டுக்குள் வெள்ளை முயலைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் விடாமல் கேட்டாள். வெளியூரில் குடித்தனம் செய்யும் உங்களில் பலருக்கும் இந்த நச்சரிப்பு பழக்கமாக இருக்கும். வாடகை வீடு, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை, பிள்ளைக்குத் துணை வேண்டும். மனசு இளகத்தான் செய்யும்.

எனக்கு இளகாததற்குக் காரணம் உண்டு. முன்பு இருந்த ஊரில், மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் தங்கள் முயலைக் கூண்டோடு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனது. அந்த மே மாதத்தைக்கூட அது தாண்டவில்லை. முயலுக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும். நாக்பூரில் மே மாதம் 45. பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அது தேய நாளெல்லாம் உலர்ந்த புல் வேண்டும். தூக்கிக் கொஞ்சினால் பெரும்பாலான முயல்களுக்குப் பிடிக்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வருடம் இருக்கும். எங்கள் உத்தியோகத்தில் அதற்குள் மூன்று நான்கு ஊர் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினைதான். ஈஸ்டருக்குக் குழந்தை கேட்டது என்று வாங்கி, சில மாதத்தில் காப்பகத்திலோ தோட்டத்திலோ விட்டுவிடுவார்கள். 2002-இல் ஓஹையோ மாநிலம் கொலம்பஸிலிருந்த முயல் ஆர்வலர்கள், பண்டிகைக்கு உயிருள்ள முயல் வேண்டாம், சாக்லேட் முயல் கொடுங்கள் என்று பிரசாரமே ஆரம்பித்தார்கள். பொம்மை முயலும் அந்த வரிசையில் சேர்ந்தது.

எங்கள் வீட்டிலும் கடைசியில் பஞ்சு முயல்தான் வந்தது. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை என் மகள். பிறகு அது அவளோடு சாப்பிட உட்கார ஆரம்பித்தது. மார்ஜரி வில்லியம்ஸ் 1922-இல் எழுதிய வெல்வெட்டீன் முயல் கதையை அப்போதுதான் படித்துச் சொன்னேன். பையனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல். கிருமி ஒட்டியிருக்கும் என்று அவனுடைய பொம்மை முயலை எரிக்கச் சொல்கிறார் டாக்டர். பெனிசிலினுக்கு முந்தைய காலம். கடைசியில் ஒரு தேவதை வந்து அந்த முயலுக்கு உயிர் கொடுக்கிறாள். "உயிர் வந்ததும் அது ஏன்ப்பா காட்டுக்குப் போச்சு, அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வரலை?" என்று கேட்டாள். அதன் சொந்தக்காரங்க எல்லாம் அங்கேதானே இருக்காங்க என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், பொத்தான் கண் வைத்த பொம்மை வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணும் மூக்கும் நூலால் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டர் செருகிய பிரஷ் மீசையெல்லாம் இந்தக் காலத்துக் குழந்தைகளிடம் ஒரு நாள் தாங்காது.