நீதிபதியின் ஆசனமும் போதகரின் பீடமும்

போதகராக அபிஷேகம் பெறும் ஒருவர் சமூகப்பணியையும் தம் வாழ்க்கைத் தொழிலாக ஏற்கலாமா என்னும் வினா இறையியல் மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. இரண்டில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்பர் சிலர். இரண்டும் ஒன்றே என்பர் வேறு சிலர். நாஞ்சில் நாட்டுத் திருச்சபை இவ்வினாவை 1818ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டது. அவ்வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1806இல் தென்திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணியாற்றிய ரிங்கல்தௌபே 1816இல் நாட்டைவிட்டு நீங்கினார். அவரது இடத்திற்கு இலண்டன் மிஷனெறி சங்கம் சார்ல்ஸ் மீட் என்பவரை அனுப்பியது. வரும் வழியிலேயே மனைவியை இழந்திருந்த அவ்விளைஞர் நாகர்கோவிலைத் தம் பணித்தலமாக்கினார். அப்பொழுது ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, ஆட்சி நடத்திவந்த ராணி கௌரி பார்வதி பாயின் இசைவுடன், மீட் ஐயரை நாகர்கோவில் நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமித்தார். நினைத்துப் பார்க்க இயலாத நியமனம்! ஞாயிறன்று பிரசங்கம் செய்தவர் திங்களன்று வழக்குத் தீர்த்தார்.

அக்காலத்துச் சாணார் முதலிய மக்களின் நிலையை அறிந்தாலன்றி இதன் பொருள் விளங்காது. அவர்கள்மீது தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. அவர்களுடைய பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியத் தடை இருந்தது. அரசுக்கும் மேற்சாதியாருக்கும் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்புக்கு அந்நாட்டில் வழங்கிய பெயர் 'ஊழியம்' என்பது. திருச்சபை தன் அருட்பணிக்கும் அதே சொல்லை வழங்கி வருவதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சொல்லைக் கேட்டு நடுங்கிய மக்கள், அதே சொல்லால் தம்மை அழைத்த ஒருவரை நீதியாசனத்தில் கண்டனர்.

விளைவு விரைவில் வந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3000 பேர் சபையை நாடினர். அவர்கள் கிறிஸ்துவை நாடினரா, நீதிபதியை நாடினரா? இவ்வினாவைக் கேட்டு ஏளனம் செய்வது எளிது. எனினும் நீதி கிடைக்காதவன் நீதி தேடி வருவதில் இழுக்கென்ன? நன்மைசெய்பவரின் கையை முதலில் பற்றி, அவர் வணங்கும் ஆண்டவரைப் பின்னரே அறிந்தோர் நற்செய்தி நூல்களிலும் உளர்.

ஆயினும் சமயப்பணியும் அரசுப்பதவியும் ஒருவரிடத்தில் இணைவதை இலண்டன் சங்கத்தார் விரும்பவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் மீட் பதவியைத் துறந்தார். சங்கத்தார் கண்ட ஆபத்து மெய்யானதே என்பது என் கருத்து. வழக்கில் தோற்றவனுக்கு அந்நீதிபதி எங்ஙனம் மேய்ப்பராக இருக்கக்கூடும்? மேலும் ரெசிடெண்டின் தயவால் வந்த அதிகாரம் அத்தயவுடன் போய்விடக் கூடியது. 1820களின் இறுதியில் தோள்சீலைக் கலகம் மூண்டு, ஆலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டபொழுது, 1829ஆம் ஆண்டு அரசாணை அம்மக்களுக்கு எதிராகவே அமைந்தது. அத்தடை நீங்க அவர்கள் 1859 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று; அப்பொழுதும் மேற்சாதிப் பெண்களின் பாணியில் மேலாடை அணிய இசைவு கிடைக்கவில்லை.

அதே நாகர்கோவிலில் வேறொரு வழியும் திறந்தது. 1819இல் கணவர் சார்ல்ஸ் மால்ட்டுடன் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்தொழில் அது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் ரேந்தை விற்ற பணத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணைகள் வந்ததோ 1850களில்தான். அம்மையாரிடம் எந்த ஆசனமும் இல்லை. நூலும் ஊசியும் இருந்தன. அவர் பிரசங்கித்ததாக ஏடுகள் பெரிதாய்ப் பேசுவதில்லை. அவர் செய்ததை ஊழியம் என்பதா, தொழில்பயிற்சி என்பதா? விடுதலை பெற்ற அப்பெண்களுக்கு இப்பாகுபாடு தோன்றியிராது.

1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப்பணியும், 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்புடன் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பும் இவ்வழியின் தொடர்ச்சியே. அவை தனிக் கட்டுரைக்குரியன.

மீட் ஐயரின் பிற்கால வாழ்வு விந்தையானது. தம் முதிய வயதில் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஓர் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். உடன் ஊழியர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1850களின் தொடக்கத்தில் சங்கத்தைவிட்டு நீங்கிய அவரைத் திருவிதாங்கூர் அரசு பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஏற்றுக்கொண்டது. ஊழியத்தின் பொருட்டு ஒருகால் அரசுப்பதவியைத் துறந்தவர், ஊழியர்களால் ஒதுக்கப்பட்டபின் அரசுப்பதவியிலிருந்தே பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தார். 1873இல் திருவனந்தபுரத்தில் அவர் காலமானார்.