முதுமைக்கு ஓர் ஊர்: இகாமா கடந்து வந்த பாதை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து வல்லக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கவிருந்த நேரத்தில், பெரியவர் ஒருவர் வந்து என்னருகில் அமர்ந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். அவருடைய மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார்.

"ஹஜ்ரத், ஊரில் மனம் ஒட்டவில்லை. மலேசியாவில் பணம் கட்டினால் வயதானவர்கள் போய்க் குடியிருக்கலாமாம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து, கடைசிக் காலத்தை இபாதத்தில் கழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. அன்று பிள்ளைகளுக்கு எடுக்கவிருந்த பாடமோ முஸாஃபிரின் தொழுகை. பயணி எப்போது பயணியாக இருப்பது நின்று முகீமாக, அதாவது குடியிருப்பவராக, ஆகிறார் என்பதே அதன் மையம். ஹனஃபி மத்ஹபில் ஓர் ஊரில் பதினைந்து நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்தால் அவர் முகீம். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள். அவ்வாறு தங்குதலுக்கு ஃபிக்ஹு நூல்கள் சூட்டிய பெயர் இகாமத். அந்தச் சொல்தான் இன்று வளைகுடாவில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் 'இகாமா' அட்டையாகியிருக்கிறது. நிய்யத்தால் நிறைவேறிய ஒன்று எவ்வாறு அட்டையால் மட்டுமே நிறைவேறுவதாயிற்று என்று தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்த வரலாறுதான் இக்கட்டுரை.

முஜாவிர்களின் காலம்

முதுமையை அந்நிய மண்ணில் கழிக்கும் ஆசை முஸ்லிம்களுக்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்களின் நகரத்திலேயே தம் மரணம் நிகழ வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் துஆச் செய்தார்கள். ஹஜ்ஜுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பாமல் ஹரமின் அண்டையிலேயே தங்கிவிடுவதுண்டு. அவர்களுக்கு முஜாவிர், அதாவது அண்டை வாழ்பவர், என்று பெயர். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவை விட்டுச் சென்ற மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் மக்காவில் ஸவ்லத்தியா மதரஸாவை நிறுவி, 1891இல் அங்கேயே வஃபாத்தானார்கள். ஹாஜி இம்தாதுல்லாஹ் முஹாஜிர் மக்கீ (ரஹ்) அவர்களும் 1899இல் மக்காவிலேயே அடக்கமானார்கள். ஹைதராபாத் நிஜாம் போன்றோர் அங்கே ருபாத் எனப்படும் தங்குமிடங்களை வக்ஃபு செய்தார்கள்.

ஆயினும் அந்தக் கதவும் எல்லாக் காலத்திலும் அகலத் திறந்திருக்கவில்லை. 1867இல் உஸ்மானியப் பேரரசு வெளிநாட்டவர் நிலம் வாங்கலாம் என்று சட்டம் இயற்றியபோதே ஹிஜாஸை அதிலிருந்து விலக்கியது. 1880களில் இந்தியா, ஜாவா முதலிய நாடுகளின் முஸ்லிம்களும் அங்கே சொத்து வாங்கத் தடை விதித்தது. மார்க்கம் ஒன்றாக இருந்தும் ஏன் இந்தத் தடை? அவர்கள் பிரிட்டிஷ், டச்சு அரசுகளின் குடிகள். அவர்களின் சொத்துரிமையைச் சாக்காக்கி ஐரோப்பியத் தூதரகங்கள் புனித மண்ணில் தலையிடும் என்று உஸ்மானியர் அஞ்சினர். பின்னர் அமைந்த சவூதி அரசு 1952இல் இகாமாச் சட்டத்தை இயற்றியது. அண்டை வாழ்தல் அன்று முதல் முழுவதும் அனுமதிச் சீட்டின் வழியே என்றாயிற்று.

பினாங்கு: பத்திரம் கேட்காத கரை

கிழக்கே நம் முன்னோரின் கதை வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் குடியேற்றம் அமைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர்களும் மாலுமிகளும் திரளாகச் சென்றார்கள். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. சிங்கப்பூரில் 1826இல் சூலியாக்களின் ஜாமிஆப் பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. அன்று எவரும் அவர்களிடம் வைப்புத்தொகை கேட்கவில்லை. வருமானச் சான்று கேட்கவில்லை. தங்க நினைத்தவர் தங்கினார். மௌத்தானபோது பள்ளிவாசல் மையவாடியில் இடம் கிடைத்தது.

அவர்களில் பலர் இரு கரை வாழ்க்கை வாழ்ந்தார்கள். கடை அக்கரையில், மனைவி மக்கள் நாகூரிலோ கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறி வந்து போவார்கள். எங்கே முதுமையைக் கழிப்பது என்பது அவர்களின் சொந்த முடிவாகவே இருந்தது.

அந்த நிலை 1953 ஆகஸ்ட் 1 அன்று மாறியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1959இல் அது மேலும் இறுகியது. கணவரைப் பிரிந்து நெடுங்காலம் இந்தியாவில் இருந்த மனைவியர் புதிதாகச் சென்று சேர்வது அரிதாயிற்று. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் நீல அடையாள அட்டை பெற்றார்கள். "இன்னும் சில ஆண்டுகளில் ஊருக்குப் போய்விடுவோம்" என்று இருந்தவர்களின் கையில் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையே எஞ்சியது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்றது. பல்லாண்டு உழைத்த மண்ணைவிட்டு ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். ஊர் திரும்பியபோது பேரப்பிள்ளைகளுக்கு அவர்களின் முகமே தெரியவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு.

இலங்கை: ஒரு பயணத்தால் முறிந்த உரிமை

இலங்கையில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றோராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் அங்கே வசித்திருக்க வேண்டும். ஒரு தடவை 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி முறிந்தது. மனைவியும் சிறு பிள்ளைகளும் இலங்கையிலேயே வசித்திருக்க வேண்டும்.

கொழும்பில் கடை, கீழக்கரையில் குடும்பம் என்று வாழ்ந்த நம்மவர் எத்தனை பேர் இந்த வாசல் வழியே நுழைந்திருக்க முடியும்? 'வதன் இகாமா', அதாவது தற்காலிகத் தங்குமிடம், பயணம் புறப்பட்டதும் முறிந்துவிடும் என்று ஹனஃபி ஃபிக்ஹு சொல்கிறது. பிறந்த ஊராகிய 'வதன் அஸ்லீ' பயணத்தால் முறிவதில்லை. கொழும்பைத் தம் வதனாகவே கருதியிருந்த வணிகர்கள், அரசின் கணக்கில் அது வெறும் இகாமாதான் என்பதை அன்று அறிந்தார்கள். மலையகத்தின் தோட்டத் தொழிலாளர்கள் பட்ட துயரம் இதனினும் பெரிது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களில் முதியோர் தங்கள் முதுமையின் ஊரைத் தாங்களே தேர்ந்தெடுக்க இயலவில்லை.

அதே இலங்கை இன்று ஓய்வுபெற்ற வெளிநாட்டவரை அழைக்கிறது. 'கனவு இல்லம்' என்னும் விசாத் திட்டத்துக்கு வயது 55 நிறைந்திருக்க வேண்டும். 15,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகையும், மாதந்தோறும் 1,500 டாலர் வரவும் வேண்டும். உழைத்தவருக்கு மூடிய வாசல் சேமிப்புள்ளவருக்குத் திறக்கிறது.

இன்றைய மலேசியா: மாறிக்கொண்டே இருக்கும் நிபந்தனை

பெரியவர் கேட்ட திட்டத்துக்கு வருவோம். மலேசியா 1996இல் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென 'வெள்ளி முடி' என்னும் பொருளுடைய திட்டமொன்றைத் தொடங்கியது. 2002இல் அது 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' என்று பெயர் மாறியது. பல ஆண்டுகள் வரை, 50 வயது கடந்தவருக்கு 1,50,000 ரிங்கிட் வைப்புத்தொகையோ மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானமோ போதுமானதாக இருந்தது. பத்தாண்டு விசா கிடைத்தது.

2020இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மீண்டும் வந்தபோது, மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட், கைவசச் சொத்து 15 லட்சம் ரிங்கிட் என்று நிபந்தனைகள் பன்மடங்கு உயர்ந்தன. விசாக் காலம் ஐந்தாண்டாகக் குறைந்தது. ஆண்டுக்கு 90 நாட்கள் அங்கே தங்கவும் வேண்டும் என்றனர். முன்பே குடியேறி வாழ்ந்த முதியவர்கள் தங்களையும் வெளியேற்றுவார்களோ என்று கலங்கினர். எதிர்ப்பு எழுந்த பின்னரே அவர்களுக்கு நிதி நிபந்தனைகளில் விலக்கு கிடைத்தது.

2024இல் மறுபடியும் மாற்றம். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று படிகள். வைப்புத்தொகை முறையே 1,50,000, 5,00,000, 10,00,000 அமெரிக்க டாலர். விசா 5, 15, 20 ஆண்டுகள். இவற்றோடு குறைந்தது 6 லட்சம், 10 லட்சம், 20 லட்சம் ரிங்கிட் விலையில் வீடும் வாங்க வேண்டும். அந்த வீட்டைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது.

ஐந்தாண்டு காலத்துக்குள் ஒரே திட்டத்துக்கு மூன்று விதமான கணக்கு! இதில் நம் அரசின் கணக்கும் சேரும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. தங்கப் படியின் வைப்புத்தொகையைக்கூட ஒருவர் ஓராண்டில் கட்டிவிட முடியாது.

வளைகுடாவிலும் வாசல்கள் சில திறந்துள்ளன. சவூதி அரேபியா 2019இல் சிறப்பு இகாமாவை அறிவித்தது. காலவரையற்றதற்குக் கட்டணம் 8 லட்சம் ரியால். துபாய் 2020இல் 55 வயது கடந்தோருக்கு ஐந்தாண்டு ஓய்வு விசாவை அறிவித்தபோது, மாதம் 20,000 திர்ஹம் வருமானமோ, 10 லட்சம் திர்ஹம் சேமிப்போ, 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்தோ கேட்டது. அங்கே கட்டடம் கட்டியவருக்கும் கடையில் நின்றவருக்கும் இது எட்டாத உயரம். வேலை முடிந்தால் அவருடைய இகாமாவும் முடிந்தது.

நம் தெருவில் நிற்கும் பாடம்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று கொரியரையும் ஜப்பானியரையும் காண்கிறோம். அவர்களும் வேலை விசாவில் இருப்பவர்களே. ஒப்பந்தம் முடிந்தால் புறப்பட வேண்டியவர்கள். ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் ஊரில் வந்து முதுமையைக் கழிக்க விரும்பினால், அவருக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வேண்டும். ஆகவே எந்த ஒரு நாட்டையும் குறைகூற இதை எழுதவில்லை. அனுமதி என்பது அமானிதம் போன்றது. கொடுத்தவர் திரும்பக் கேட்கலாம். இதுவே இந்த இருநூறு ஆண்டுகளின் சுருக்கம்.

மறுவாரம் பெரியவரிடம் இவற்றைச் சொன்னேன். போகக்கூடாது என்று தடுக்கவில்லை. அது ஹலாலான விருப்பம். நான்கு கேள்விகளை மட்டும் முன்வைத்தேன். விசாக் காலம் முடியும்போது உங்கள் வயது என்ன? அன்று நிபந்தனை இரட்டிப்பானால் கட்ட முடியுமா? வைப்புத்தொகையை வட்டியில்லாக் கணக்கில் வைக்க வழியுண்டா? உங்கள் மௌத்துக்குப் பின் அங்கே தனித்து நிற்கும் மனைவியின் அனுமதி என்னவாகும்? இவற்றுக்கு முகவரின் வாய்மொழியை நம்பாமல், எழுத்து மூலமான விடையை அரசு அலுவலகத்திலிருந்தே பெறுங்கள் என்றேன். இங்குள்ள வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள் என்றும் சொன்னேன்.

கடைசிக் கேள்வியில் அவர் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், நான் வெளிநாட்டைத் தேடவில்லை. பேச ஆள் இருக்கும் ஓர் இடத்தைத் தேடுகிறேன்" என்றார்.

சகோதரர்களே, அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் நமக்காக, நம் பள்ளிவாசல் சுவருக்காக, நம் வீட்டுத் திருமணங்களுக்காக அனுப்பியவர் அவர். திரும்பி வந்தபோது அவரிடம் நன்கொடை கேட்டோம், நலம் கேட்கவில்லை. மதீனாவில் முஹாஜிர்களுக்கும் அன்ஸார்களுக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் சகோதரத்துவ உடன்படிக்கை செய்துவைத்தார்கள். வந்தவருக்கு வீட்டில் மட்டுமின்றி நெஞ்சிலும் இடம் கொடுத்தார்கள் அன்ஸார்கள். ஊர் திரும்பும் சபராளிக்கு அன்ஸாராக இருக்க வேண்டியவர்கள் நாமல்லவா? ஒவ்வொரு மஹல்லாவிலும் அஸருக்குப் பின் முதியவர்கள் கூடி அமர ஓர் இடம், அவர்களின் அனுபவத்தைக் கேட்கச் சில இளைஞர்கள், மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவர். இதற்கு எந்த அரசின் முத்திரையும் தேவையில்லை. நிய்யத் போதும்.

பெரியவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. விண்ணப்பத் தாள்கள் அவரிடமே இருக்கின்றன. அஸருக்குப் பின் அவர் தினமும் வருகிறார், நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதுமையில் இழிவையும் தனிமையையும் விட்டு அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. நம் பெற்றோரின் கடைசிக் காலத்தை நம் அருகிலேயே, நல்ல ஈமானுடன் அமைத்துத் தருவானாக. ஆமீன்.