ஹாஃப்கட் எஞ்சினும் மீட்டர் முள்ளும்

1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தபோது, அதன் மீட்டர் முள்ளை ஆட்டியது ஒரு கேபிள்தான். கியர்பாக்ஸில் சின்னப் பல்சக்கரம், அங்கிருந்து டேஷ்போர்டு வரை கேபிள். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் அதே ஏற்பாடு. மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சாகாவும் புரோட்டோனின் இன்னொரு காரான வீராவும் மிட்சுபிஷி வழி வந்தவை. கஞ்சிலின் மூலம் டைஹாட்சு மீரா. ஆகவே ஜப்பானிய எஞ்சின்கள் இவற்றுக்குப் பொருந்தின. ஜப்பானில் புதுக் கார் மூன்று ஆண்டில் முதல் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. செலவுக்குப் பயந்து விலக்கப்பட்ட கார்களில் பல, முன்பாதி மட்டும் அறுக்கப்பட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், எஞ்சினை ஆளும் கணினியான இசியூ எல்லாம் ஒட்டியபடியே கப்பலேறி மலேசியா வந்தன. அதுதான் ஹாஃப்கட். ஸ்டியரிங் இரு நாட்டிலும் வலப்பக்கம் என்பது கூடுதல் வசதி. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் கஞ்சிலுக்கு மீராவின் 659 சிசி டர்போவும், வீராவுக்கு லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போவும் ஏறின.

எஞ்சினை ஏற்றுவது பாதி வேலைதான். கை தேர்ந்த மெக்கானிக்கையும் சோதிப்பது வேக சென்சார்.

ஜப்பானியக் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று சுழலும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் வந்ததும் இசியூவுக்கும் வேகம் தெரிய வேண்டியிருந்தது. மீட்டருக்குள் ஒரு காந்தமும் சுவிட்சும் வைத்து, சுற்றுக்கு 4 துடிப்பு அனுப்பினார்கள், கிலோமீட்டருக்கு 2,548. அடுத்த தலைமுறையில் கேபிளே போய், சென்சார் நேராக கியர்பாக்ஸில் உட்கார்ந்தது. பழைய காரில் இந்தப் புது எஞ்சினைப் பூட்டினால் மீட்டர் கேபிளைக் கேட்கும், இசியூ துடிப்பைக் கேட்கும். ஆகவே கேபிளும் மாட்டக்கூடிய, துடிப்பும் தரக்கூடிய சென்சார் தேடப்பட்டது. கிடைக்காவிட்டால் மீட்டரையே மாற்றினார்கள்.

துடிப்பு எண்ணிக்கை பொருந்தாவிட்டால் தொல்லை பெரிது. 4 வர வேண்டிய இடத்தில் 8 வந்தால், மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் காரை இசியூ 180இல் ஓடுவதாக நினைக்கும். பல ஜப்பானியக் கார்களுக்கு 180இல் வேக வரம்பு உண்டு; எனவே நெடுஞ்சாலையில் 90இலேயே எஞ்சின் இழுவை அறுபடும். துடிப்பே வராவிட்டால், கார் நிற்பதாக எண்ணும் இசியூ ஐடிலிங்கைக் குழப்பும். சில கார்கள் சிக்னலை நெருங்கும்போது அணைந்தே போகும். சென்சாரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது தவறு. ஹாஃப்கட் வாங்கும்போதே அதன் மீட்டரையும் சேர்த்து வாங்கியவர்கள்தான் நிம்மதியாக ஓட்டினார்கள். மீட்டர் பொய் சொல்லும் காரை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

ஹாஃப்கட் போன்ற பழைய உதிரிப்பாக இறக்குமதியை 2011 ஜூனிலிருந்து தடுக்கப்போவதாக 2009இல் அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, தடை தள்ளிப்போனது. ஆனால் கார்களே மாறின: 2018 முதல் மலேசியாவின் புதிய மாடல்களுக்கு இஎஸ்சி என்னும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். இவற்றில் பெரும்பாலும் வேகக் கணக்கை நான்கு சக்கரத்து ஏபிஎஸ் சென்சார்களே எடுக்கின்றன. எஞ்சின் மாற்றுபவர் இனி கியர்பாக்ஸில் மட்டும் தேடினால் போதாது, பிரேக் கணினியோடும் பேச வேண்டும்.