கருப்பு முடிக்கு எந்த ஷேட்? ஒரு பெட்டிக்குள் இரண்டு கண்டுபிடிப்புகள்

ஹேர் டை வாங்கும்போது நம்மில் பலர் அட்டைப்பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் நிறத்தைத் தேர்வு செய்கிறோம். பூசிய பிறகு "அந்த நிறம் வரவே இல்லையே" என்று புலம்புகிறோம். அது ஏன் வரவில்லை என்று தெரிய, அந்தப் பெட்டிக்குள் இருப்பவற்றின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மருதாணியும் அவுரியும் பழங்காலச் சாயங்கள். இவை முடியின் மேல் நிறம் ஏற்றுமே தவிர, கருமையைக் குறைக்காது. நரைத்த முடியில் செக்கச்செவேல் என்று தெரியும் மருதாணி, கருப்பு முடியில் வெயில் பட்டால் மட்டும் மினுங்குவது இதனால்தான்.

1818-ல் பிரான்சின் தெனார் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தார். 1867 பாரிஸ் கண்காட்சியில் அதைக் கொண்டு முடியை வெளுக்க வைத்துக் காட்டினார்கள். இது முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாவது கதை லண்டனில் தொடங்குகிறது. 1856-ல் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய், ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன், பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாரா-பினிலீன்டைஅமின் காற்றும் பெராக்சைடும் பட்டால் பழுப்பாக மாறுவதை 1863-ல் கவனித்தார். இத்தகைய செயற்கைச் சாயத்தை 1907-ல் யூஜீன் ஷூலர் பாரிஸ் சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். 1909-ல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் லோரியல் ஆனது.

இன்றைய பெட்டியில் இந்த இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. பெராக்சைடு முடியின் கருமையை வெளுக்கிறது. சாயம் உள்ளே புகுந்து நிறமாகிறது. ஆனால் வீட்டு டை பொதுவாக ஒன்றிரண்டு படிகள்தான் வெளுக்கும். பெட்டியில் இருக்கும் எண் அந்தப் படிதான்: 1 கருப்பு, 3 அடர் பழுப்பு, 5 வெளிர் பழுப்பு, 10 மிக வெளிர் பொன்னிறம். நம் முடி பெரும்பாலும் 1 முதல் 3-க்குள். அதில் 7-ஐப் பூசினால் பொன்னிறம் வராது. கருமை குறையும்போது முதலில் வெளிப்படும் சிவப்பும் ஆரஞ்சும்தான் வரும். பர்கண்டி மட்டும் எடுபடக் காரணம், அந்தச் சிவப்போடு அது ஒத்துப்போவதுதான்.

நரை முடியில் கருமையே இல்லாததால் பெட்டியின் நிறம் அப்படியே ஏறும். எனவே நரையை மறைக்க, சொந்த நிறத்துக்கு மிக அருகில் உள்ள ஷேட்டே நல்லது. 2-ஆ 3-ஆ என்று குழப்பம் வந்தால் 3-ஐ எடுங்கள். பிறகு அடர்த்தியாக்குவது சுலபம். ஏறிய சாயத்தை இன்னொரு சாயத்தால் வெளுக்க முடியாது.

கடைசியாக ஒன்று. ஷூலர் தன் கம்பெனிக்கு வைத்த பெயரிலேயே "தீங்கற்ற தலைச்சாயங்கள்" என்ற சொற்கள் இருந்தன. ஆனால் பிபிடி சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும். கருப்பு ஷேட்களில் அது பொதுவாக அதிகம். முன்பு ஒத்துக்கொண்டவர்களுக்கும் திடீரென வரலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் பெட்டியில் சொன்னபடி 48 மணி நேரம் முன்பே தோலில் சோதித்துப் பாருங்கள். அரிப்போ வீக்கமோ வந்தால், எவ்வளவு பிடித்த ஷேட்டாக இருந்தாலும் அந்த டை வேண்டாம்.